பள்ளி திறக்க இன்னும் 12 நாட்கள்: மதுரையில் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வெளியில் எப்படிக் கழிப்பது?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். மகன் ஆறாம் வகுப்புக்கும் மகள் மூன்றாம் வகுப்புக்கும் போகவிருக்கிறார்கள். விடுமுறை தொடங்கியபோது, இந்த ஆண்டாவது பிள்ளைகள் மண்ணிலும் காற்றிலும் ஓடியாட வேண்டும் என்று மனதார நினைத்திருந்தேன். ஆனால் கத்திரி வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்தியதில் முக்கால்வாசி நாட்கள் கைப்பேசியோடும் தொலைக்காட்சியோடும் போய்விட்டன. நேற்று மகள் நாட்காட்டியில் நாட்களை எண்ணிவிட்டு, "அம்மா, நாம் இன்னும் எங்கேயுமே போகலையே" என்று கேட்டாள். அந்தக் கேள்வி மனதை விட்டு அகலவில்லை.

சென்ற ஆண்டு இதே கடைசி வாரத்தில் கொடைக்கானல் போனோம். இ-பாஸ் எடுத்து, இருட்டிலேயே கிளம்பியும், மலைப்பாதையில் வண்டிகள் நகரவே இல்லை. பிள்ளைகள் ஏரிக்கரையில் நடந்தது ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் காருக்குள்தான். மாமியாருக்கு முழங்கால் வலி. அன்று இரவு கால்கள் வீங்கித் தூங்காமல் கிடந்தார். பிள்ளைகளோ அப்பத்தா இல்லாமல் எங்கும் வரமாட்டார்கள். கணவருக்குச் சனி, ஞாயிறு மட்டுமே விடுப்பு. இந்த வெயிலில், பெரியவரையும் உடன் வைத்துக்கொண்டு, மீதமுள்ள நாட்களை வெளியில் கழிக்க என்ன வழி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கல்லும் காடும்

சகோதரி, மதுரையில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்தான் என்றாலும், அது நண்பகலுக்குப் பிறகு வருகிற சூடு. விடியற்காலை ஐந்தரை முதல் எட்டு மணி வரையிலும், மாலை ஐந்துக்குப் பிறகும் உள்ள நேரத்தை எடுத்துக்கொண்டால் உங்களுக்கு ஒவ்வொரு நாளும் நான்கைந்து மணி நேரம் கிடைக்கும். நானும் என் பிள்ளைகளும் மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் மே மாதத்தைக் கழிக்கிறோம்.

முதல் சனிக்கிழமை கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். அடிவாரத்தில் தாமரைக்குளமும் அய்யனார் கோவிலும் பெரிய ஆலமரமும் இருக்கின்றன. உங்கள் மாமியார் அந்த ஆலமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்துகொள்ளலாம். அங்கிருந்தே பிள்ளைகள் பாறையில் வெட்டிய படிகளில் ஏறுவதைப் பார்க்க முடியும். மேலே பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணச் சிற்பங்கள் உள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்து. என் மகள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு போய், அதில் தெரிந்த வடிவங்களைப் பார்த்து வரைந்தாள். இன்றைய தமிழ் எழுத்துக்கு நெருக்கமாக எது இருக்கிறது என்று அண்ணனும் தங்கையும் அரைமணி நேரம் வாதாடினார்கள். கல்லைத் தொடவோ, சுரண்டவோ கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

எட்டரை மணிக்கெல்லாம் கீழே இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு பாறை வாங்கிய சூட்டைத் திருப்பித் தரத் தொடங்கும்; செருப்பைக் கழற்றினால் கால் வைக்க முடியாது. ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு தூக்கு நீர்மோரும் போதும்.

அடுத்த வாரம் வாய்ப்பிருந்தால் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போகலாம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குடைவரைச் சிவன் கோவில், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு, பாறை இடுக்குகளில் கூடு கட்டும் வல்லூறுகள் என்று ஒரு காலைப் பொழுதுக்குப் போதுமானது இருக்கிறது.

பனைநிழல்

அம்மா, நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஊரில் உறவுகள் இருந்தால் இரண்டு நாள் பிள்ளைகளை அங்கே விட்டுவாருங்கள் என்பேன். இல்லாவிட்டாலும் கவலை இல்லை. கோடையின் கடைசிப் பொருள்கள் எல்லாம் உங்கள் ஊர்ச் சாலையோரத்துக்கே வருகின்றன.

இப்போது நுங்கு முடியப்போகிறது. இன்னும் சில நாட்களில் முற்றிக் கெட்டியாகிக் கடுக்காயாகிவிடும். குலையோடு வாங்கிவந்து, சீவி, கண்ணைக் கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கோப்பையில் போட்டுக் கரண்டியால் கொடுத்தால் பாதிச் சுவை போய்விடும். சாப்பிட்ட பின் ஒரே அளவான இரண்டு கூந்தலை (நுங்கு எடுத்த வெற்றுக் காயை) எடுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. சென்னையிலிருந்து வந்த என் தம்பி மகன் அந்த வண்டியைத் தெரு முழுக்க ஓட்டிவிட்டு, இரவில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

உங்கள் மாமியாரால் நடக்க முடியாவிட்டாலும் கூழ் வடகம் போட அவரைவிடச் சிறந்தவர் யார்? முந்தின இரவே மாவைக் கரைத்து வைத்துவிட்டு, விடியற்காலையில் பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்துக் கூழ் காய்ச்சி, மொட்டைமாடியில் நனைத்து விரித்த வெள்ளை வேட்டியில் சூடாகவே ஊற்ற வேண்டும். அவரைப் படியேற்ற முடியாவிட்டால் வாசலில் கட்டில் போட்டு அதன்மேல் விரியுங்கள். அவர் உட்கார்ந்தபடியே பதம் சொல்லட்டும். பிள்ளைகள் கரண்டியால் வட்டம் ஊற்றட்டும். காக்காய் விரட்டும் வேலை மகளுக்கு. நண்பகலில் மேலே மொறுமொறுப்பும் உள்ளே குழைவுமாக இருக்கிற அரைக்காய்ச்சல் வடகத்தைத் திருடித் தின்னாத பிள்ளை எங்கள் வீட்டில் இருந்ததில்லை. மறுநாள் வேட்டியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து உரித்து, மறுபடியும் காயவைத்தால் அடுத்த கோடை வரைக்கும் வரும். மழை நாளில் பள்ளி விட்டு வந்து அதைப் பொரித்துச் சாப்பிடும்போது, இது நான் ஊற்றியது என்று பிள்ளை சொல்லும்.

தென்காசிப் பேருந்து

குழந்தைகளுக்குத் தண்ணீர்தான் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போய்விட்டு வந்தால் ஆண்டு முழுக்கப் பேசுவார்களே. யாரும் ஏன் அதைச் சொல்லவில்லை?

பனைநிழல்

தம்பி, குற்றாலம் எனக்கும் உயிர்தான். ஆனால் சாரல் காலம் தென்மேற்குப் பருவமழையோடுதான் வரும். கேரளத்தில் அது தொடங்குவதற்கான இயல்பான தேதி ஜூன் 1. 2025-இல் மே 24-ஆம் தேதியே தொடங்கியதைப் போல முந்திக்கொள்ளும் ஆண்டுகளும் உண்டு. அதை நம்பித் திட்டமிட முடியாது. மேலும், மே மாதக் கோடைமழை மலைக்கு மேலே பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச்செல்லப்பட்டு உயிரிழந்தான். குளிக்கத் தடை என்று அறிவித்திருந்தால் கெஞ்சாமல் திரும்பிவிட வேண்டும். கிணறும் அப்படியே. ஆழம் தெரிந்த, நீச்சல் தெரிந்த பெரியவர் கூடவே இறங்காமல் பிள்ளைகளை விடாதீர்கள். தண்ணீர் ஆசைக்குத் தோட்டத்துப் பம்புசெட்டுத் தொட்டியே போதும். அந்தக் குளிர்ச்சி எந்த அருவிக்கும் குறைந்ததில்லை.

கரும்பலகை

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். ஜூன் மாதம் முதல் வாரத்தில், முதல் பாடவேளையிலேயே கண் சொருகும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இரண்டு மாதம் நள்ளிரவு வரை விழித்திருந்த உடம்பு ஒரே நாளில் மாறாது. ஆகவே, மேலே நண்பர் சொன்ன விடியற்காலைப் பயணத்தை நான் இரட்டிப்பாக ஆதரிக்கிறேன். மலைக்குப் போகும் ஆசையில் ஐந்து மணிக்கு எழும் பிள்ளை அன்று இரவு ஒன்பதுக்கே உறங்கிவிடும். வாரத்தில் மூன்று நாள் அப்படி எழுந்தால், பள்ளி திறக்கும்போது அதட்டி எழுப்ப வேண்டியிருக்காது.

உறங்கும் முன் அரைமணி நேரம் வானம் பார்க்க வையுங்கள். கோடைமழை இல்லாத இரவாகப் பார்த்து, எட்டரை மணிக்கு விளக்குகளை அணைத்துவிட்டுப் பாயை விரித்துப் படுங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்றாக மேலேறி நிற்கும். அதன் வால்பகுதியில் நடுவில் இருப்பது வசிட்டர். அதையொட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. திருமணத்தில் காட்டுகிறார்களே, அதே அருந்ததிதான். அந்த வாலின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு வந்தால் செம்மஞ்சளாகச் சுவாதி, இன்னும் நீட்டினால் ஏறக்குறைய உச்சிக்கருகில் வெண்மையாகச் சித்திரை. தெற்கே அடிவானம் மறைக்காமல் இருந்தால் சிலுவை வடிவில் திரிசங்குவும் தெரியும். மதுரையிலிருந்து அது தாழ்வாகத்தான் தெரியும் என்பதால், பார்க்க ஏற்ற காலம் இதுவே. ஜூலைக்குள் இருட்டும்போதே மேற்கே சாய்ந்துவிடும். உங்கள் மாமியாருக்கு இந்தப் பெயர்களில் பாதியாவது தெரிந்திருக்கும். அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள்: இந்த 12 நாட்களில் அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது எங்கள் வேலை. நாங்கள் நடத்திக்கொள்கிறோம்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று இரவு மாமியாரை வாசலில் கட்டிலில் படுக்கவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, அருந்ததி எங்கே என்று பிள்ளைகளைக் கேட்கச் சொன்னேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் மகனுக்குத் தெரியவில்லை. மாமியார் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், அவருக்கும் தெரியவில்லை. ஆனால் தம் ஊரில் கார்த்திகை மீன்களை எண்ணிக் கண்பார்வையைச் சோதிப்பார்கள் என்று தொடங்கி, களத்தில் நெல்லுக்குக் காவலாகப் படுத்திருந்த கதை வரை பத்தரை மணிக்கும் முடியவில்லை. எனக்கும் அந்தக் கதைகளில் ஒன்றுகூட முன்பு தெரியாது.

சனிக்கிழமை சமணர் மலை என்று முடிவாகிவிட்டது. நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொள்கிறோம். வடகத்துக்குப் பச்சரிசி ஊறவைத்துவிட்டேன். மாமியார் ஜவ்வரிசியும் ஒரு பங்கு சேர்க்கச் சொல்கிறார். பனைநிழல் அம்மா, எந்த அளவில் சேர்ப்பீர்கள்?

பனைநிழல்

வீட்டிலேயே கைப்பதம் தெரிந்தவர் இருக்கும்போது என் அளவு எதற்கு, அம்மா? அவர் சொல்கிறபடியே போடுங்கள். எலுமிச்சைச் சாற்றை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள், இல்லாவிட்டால் கசந்துவிடும்.