110 மீட்டர் ஓடையைத் தாண்ட எந்த ஃபைபர் கேபிள்? காற்றடித்தால் லிங்க் விழுகிறது – தட்டோன், பர்மா

தட்டோன் இளைஞர்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயில் மண்டபத்திலிருந்து ஓடைக்கு அக்கரையில் இருக்கும் தமிழ் வகுப்புக் கட்டடத்துக்கு ஃபைபர் போயிருக்கிறது. மொத்தம் 460 மீட்டர். வழியில் 40, 45 மீட்டருக்கு ஒரு கம்பம் உண்டு. ஓடையில் மட்டும் 110 மீட்டருக்குக் கம்பம் கிடையாது. கட்டிக்கொடுத்தவர் வீடுகளுக்கு இழுக்கும் தட்டையான டிராப் கேபிளையே அங்கேயும் இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

வெயில் காலத்தில் நன்றாக ஓடியது. மழை பிடித்ததும் தொந்தரவு ஆரம்பித்தது. காற்றடித்தால் லிங்க் விழுகிறது, நின்றால் தானாக வருகிறது. பவர் மீட்டரில் வந்துசேரும் ஒளியின் பலம் சாதாரணமாக மைனஸ் 9 டிபிஎம், காற்று நேரத்தில் மைனஸ் 24 வரை இறங்குகிறது. இரண்டு பக்க எஸ்எஃப்பியும் (ஒளியை அனுப்பி வாங்கும் மாட்யூல்) மாற்றிப் பார்த்தாயிற்று.

புதுக் கேபிள் வாங்க கோயில் கமிட்டி சம்மதித்திருக்கிறது. இரும்புக் கம்பி சேர்ந்த எட்டு வடிவக் கேபிள் விலை குறைவு, ஏடிஎஸ்எஸ் (உலோகம் இல்லாமல் தன்னைத்தானே தாங்கும் கேபிள்) கொஞ்சம் கூடுதல். எது எடுப்பது? அக்கரையில் 11 கேவி மின்லைன் குறுக்கே போகிறது. அதற்காக தனி உறை போட்ட ஏடிஎஸ்எஸ் வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். அது உண்மையா?

பெகு லைன்மேன்
தம்பி, பழைய கேபிளைக் கழற்றும் முன் ஒரு சோதனை. 1310, 1550 நானோமீட்டர் என்ற இரண்டு ஒளி அலைநீளத்திலும் இழப்பை அளந்து பாருங்கள். 1550-ல் மட்டும் இழப்பு நிறைய ஏறினால், ஃபைபர் எங்கோ மடங்குகிறது அல்லது இறுகுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஓடையின் இரண்டு கரைக் கிளாம்ப்களில்தான் இருக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி இழப்பு என்றால் ஸ்ப்ளைஸையும் (ஃபைபரை ஒட்டிய இடம்) கனெக்டரையும் பாருங்கள். அப்படியானால் புதுக் கேபிள் போட்டாலும் நோய் போகாது.

தட்டோன் இளைஞர்
ஓடிடிஆர் (ஃபைபரில் எந்த இடத்தில் இழப்பு என்று காட்டும் கருவி) வைத்திருக்கும் ஒருவரை அழைத்து வந்து பார்த்தோம் அண்ணே. 1550-ல்தான் பெரிய இறக்கம். இடமும் நீங்கள் சொன்னதுதான், அக்கரைக் கிளாம்ப்.

மோல்மீன் ஸ்ப்ளைசர்
அப்படியானால் காரணம் தெளிவு. டிராப் கேபிளில் இருக்கும் 1 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி 50 மீட்டர் வரைக்கும்தான் தாங்கும். 110 மீட்டரில் காற்று அதை இழுத்து நீட்டுகிறது, ஃபைபரும் கூடவே இழுபடுகிறது.

இனி எது எடுப்பது என்று பார்ப்போம். எத்தனை கோர், அதாவது உள்ளே எத்தனை ஃபைபர் இழை, என்பதைப் பிறகு பேசலாம். முதலில் கேட்க வேண்டியது எத்தனை மீட்டர் ஸ்பான் (இரண்டு கம்பத்துக்கு இடைப்பட்ட தூரம்), எந்தக் காற்றுக்கு என்பது. கடையில் "150 மீட்டர் ஸ்பான்" என்றால் உடனே, "எத்தனை மீட்டர் காற்றுவேகத்தில்?" என்று கேளுங்கள். விநாடிக்கு 25 மீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்ட கேபிளை இங்கே கட்ட மாட்டேன். 11 மில்லிமீட்டர் தடிப்பும் மீட்டருக்கு 100 கிராம் எடையும் உள்ள கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 35 மீட்டர், அதாவது மணிக்கு 126 கிலோமீட்டர் காற்று வீசினால், பக்கவாட்டில் அது தள்ளும் பாரம் கேபிளின் சொந்த எடையைப் போல எட்டு மடங்கு. 2008 நர்கிஸ் புயலை மறந்தவர் இங்கே யாரும் இல்லை.

உங்கள் இடத்துக்கு நான் ஏடிஎஸ்எஸ்தான் சொல்வேன். அதில் உலோகமே இல்லை. இழுவையைத் தாங்குவது அராமிட் நூல், நடுவில் கண்ணாடி நார்த் தண்டு. எட்டு வடிவக் கேபிளில் இருப்பது இரும்பு. மின்கம்பி அறுந்து அதன்மேல் விழுந்தாலும், பக்கத்தில் இடி விழுந்தாலும், மின்சாரம் அந்தக் கம்பியோடு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்புவரை வந்துவிடும். எர்த் பண்ணலாம்தான். ஆனால் அந்த எர்த் வருஷா வருஷம் நன்றாக இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?

தனி உறை தேவையில்லை. 11 கேவி என்பது இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள கணக்கு. ஒரு பேஸுக்கும் தரைக்கும் 6.4 கேவிதான். சாதாரணக் கறுப்பு பாலிஎத்திலீன் உறையே 12 கேவி சூழல்வரை போதும். கடையில் சொல்லும் அந்தத் தனி உறை, மின்தடம் தாங்கும் உறை, பெரிய டவர் லைன்களுக்கு.

தட்டோன் இளைஞர்
ரொம்ப நன்றி அண்ணே. தொங்கல் எவ்வளவு விடுவது? இங்கே எல்லோரும் நன்றாக விறைப்பாகக் கட்டச் சொல்கிறார்கள். பங்குனித் திருவிழாவில் தேர் அந்தக் கரைச் சாலையில் கேபிளுக்குக் கீழேதான் போகும்.

மோல்மீன் ஸ்ப்ளைசர்
விறைப்பாகக் கட்டவே கூடாது. கணக்கு எளிது: ஒரு மீட்டரின் எடையை ஸ்பான் நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, தொங்கலின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் 110 மீட்டரில், மீட்டருக்கு 100 கிராம் என்றால், 1.1 மீட்டர் தொங்கலுக்கு இழுவை சுமார் 138 கிலோ. அதையே 30 சென்டிமீட்டர் ஆக்கினால் 500 கிலோவைத் தாண்டிவிடும், அதுவும் காற்றே இல்லாதபோது. நீளத்தில் 1 முதல் 1.5 சதவீதம் தொங்கல் விடுங்கள். கேபிள் தாளில் அதிகபட்ச இழுவை என்று ஒரு எண் போட்டிருக்கும். அறுபடும் பலத்தில் சுமார் 40 சதவீதம் இருக்கும். காற்றோடு சேர்த்தும் அதைத் தாண்டக்கூடாது.

தேருக்கு: கலசத்தின் உச்சியிலிருந்து அளந்து, அதற்கு மேல் தாராளமாக இடம் விட்டுக் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள். தொங்கலைக் குறைத்து உயரம் தேடாதீர்கள்.

கிளாம்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஓடையின் இரண்டு கரையிலும் சுருள்கம்பி சுற்றிய டெட்எண்ட் (கேபிளின் இழுவையைப் பிடித்து நிறுத்தும் பிடி) போடுங்கள், கேபிளின் தடிப்புக்குச் சரியான அளவில். 11 மில்லிமீட்டர் கேபிளுக்கு 13-க்கான டெட்எண்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் காற்றில் வழுக்கும். ஆப்பு வைத்து இறுக்கும் டிராப் கிளாம்ப் உறையை நசுக்கும். உங்கள் இப்போதைய கோளாறும் அதில்தான் வந்தது. நேர் வரிசைக் கம்பங்களில் சஸ்பென்ஷன் (கேபிளைத் தொங்கவிட்டுத் தாங்கும் பிடி) போதும். திருப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் அங்கேயும் இரட்டை டெட்எண்ட்.

ரங்கூன் கேபிள்
ஒரு சேர்க்கை. கரைக் கம்பங்களுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டே வயர் (கம்பத்தைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டாமல் இழுக்காதீர்கள், மழையில் மண் இளகினால் கம்பமே சாயும். ரோலர் வைத்து இழுங்கள், முனையில் ஸ்விவல் (தானாகச் சுழலும் இணைப்பு) போடுங்கள், இல்லாவிட்டால் கேபிள் முறுக்கிக்கொள்ளும். இழுக்கும்போது வளைவின் ஆரம் கேபிள் தடிப்பின் 20 மடங்குக்குக் குறையக்கூடாது. மின்வாரியக் கம்பத்தில் ஏற அவர்கள் ஆளும் அனுமதியும் வேண்டும், லைன் ஆஃப் பண்ணியபிறகுதான் வேலை.

தட்டோன் இளைஞர்
12 கோர் ஏடிஎஸ்எஸ், 35 மீட்டர் காற்று, 150 மீட்டர் ஸ்பான் என்று விலை கேட்டிருக்கிறேன். ஜாயிண்ட் பெட்டி எங்கே வைப்பது? ஓடையின் நடுக்கம் படாத இடமா?

மோல்மீன் ஸ்ப்ளைசர்
ஆமாம், ஓடைக்கரைக் கம்பம் வேண்டாம், அடுத்த கம்பத்தில் வையுங்கள். கேபிள் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், இரண்டு பக்கமும் 10 மீட்டர் சுருள் விடுங்கள். பிறகு ஸ்ப்ளைஸ் பண்ணும்போது கேபிள் தரைக்கு இறங்கும், ஆள் மேலே தொங்க வேண்டாம். பர்மியப் புத்தாண்டான திஞ்ஞானுக்கு முன்னால், காற்று குறைந்த காலையில் இழுங்கள். கட்டி முடித்ததும் 1550-ல் ஒரு ஓடிடிஆர் பதிவு எடுத்து வைத்துக்கொண்டு, முதல் பெரிய மழைக்குப் பிறகு மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.