ஊராட்சிக் கணக்கை உள்ளூர் இதழில் எழுத ஆவணம் வாங்குவது எப்படி?

வாய்க்கால்: ஊராட்சிச் செலவைப் பற்றி எழுதினாலே "எந்தக் கட்சிக்காரன் சொன்னான்?" என்று ஊரில் கேட்கிறார்கள். ஆதாரத்துக்கு எதை, எப்படிக் கேட்பது?

கரைமேடு: தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1). பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில். "ஏன் சாலை மோசம்?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் "ஏன்" என்பதற்கான விளக்கம் ஆவணமல்ல. "மதிப்பீடு, எம்-புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்), பில் நகல்" என்று பெயர் சொல்லி, வேலையையும் ஆண்டையும் குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் இல்லையா? அடுத்த 30 நாளுக்குள் அதே சட்டத்தின் பிரிவு 19(1)-இல் மேல்முறையீடு.

ஏரிக்கரை: காகிதம் பாதிதான். டேப் பிடித்துச் சாலை அகலத்தை நாலைந்து இடத்தில் அளந்து எம்-புக்கோடு ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் அளந்தால் "அங்கே மட்டும் குறுகல்" என்று தப்பிவிடுவார்கள். அச்சுக்கு முன் தலைவரிடமும் பொறியாளரிடமும் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்!

வாய்க்கால்: எப்போது வெளியிடலாம்?

கரைமேடு: கிராமசபைக்கு முந்தைய வாரம். ஜனவரி 26 கூட்டத்துக்கு நவம்பர் கடைசியிலேயே மனு போய்விட வேண்டும். தவறு நேர்ந்தால் திருத்தத்தை அதே பக்கத்தில் போடுங்கள், மூலையில் அல்ல.