இணையவழியில் கவராயப் பாடம்: கணித ஆசிரியர்களே, உதவுங்கள்

வணக்கம். நான் கல்வியியற் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு ஆசிரிய மாணவி. ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உள்ளகப் பயிற்சியில் இருக்கிறேன். மாரி மழையால் பாடசாலை மூடியிருப்பதால் தரம் 9 கணிதத்தைச் சூமிலும் வட்ஸ்அப்பிலும் நடத்துகிறேன்.

சமன்பாடுகள் எப்படியோ ஓடிவிட்டன. கேத்திர கணித அமைப்புகளில்தான் மாட்டிக்கொண்டேன். 60 பாகைக் கோணம் அமைக்க, இரண்டு வில்லுக்கும் கவராயத்தின் விரிவு மாறக்கூடாது. அப்போதுதான் சமபக்க முக்கோணி கிடைக்கும். வகுப்பறையென்றால் மேசைக்கு மேசை நடந்து, பிள்ளையின் கை நழுவும்போதே திருத்திவிடலாம். இங்கே எனக்கு வருவது முடிந்த படம் மட்டும்தான். சில கெட்டிக்காரர்கள் பாகைமானியால் கோணத்தை அளந்து கீறிவிட்டு, வில்களைப் பிறகு சோடிக்கிறார்கள். வில் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம்! கோணம் மட்டும் அச்சொட்டாக 60. சிரிப்பும் வருகிறது, புள்ளி போடவும் மனம் வரவில்லை.

வீடியோ அனுப்பச் சொல்ல முடியாது. டேட்டா அட்டை போடுவதே பெற்றோருக்குப் பெரும்பாடு. பலருக்கு அப்பா வயலால் வந்த பிறகுதான் போன் கைக்குக் கிடைக்கிறது.

பிள்ளை அமைத்த முறையைப் படத்தை மட்டும் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? படிப்படியாகப் படம் கேட்பதா, செய்முறையை எழுதச் சொல்வதா? கவராயம் இல்லாத பிள்ளைகளுக்கு நூலும் பென்சிலும் போதுமா? அடுத்து 90, 45 பாகை தொடங்க வேண்டும். செய்து பார்த்த சேர்மார், ரீச்சர்மார் எழுத்திலேயே சொல்லுங்கள். காணொளி இணைப்பு அனுப்பினால் இங்கே சுற்றிக்கொண்டே நிற்கும்.