பண்டில் முறையா, ஒற்றைப் பீஸ் ஓட்டமா? சிறிய பனியன் கம்பெனிக்கு எது பொருந்தும்?

கேள்வி – பதினான்கு மெஷின்

வணக்கம். திருப்பூரில் ஆறு ஓவர்லாக் (ஓரம் மூட்டுவது), நான்கு பேட்லாக் (மடிப்பு தைப்பது), நான்கு சிங்கர் (சாதாரண நேர்த்தையல்) என 14 தையல் இயந்திரங்களுடன் ஒரு யூனிட் நடத்தி வருகிறோம். இதுவரை பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காக, ஒரே ஸ்டைலில் பத்தாயிரம் பீஸுக்குக் குறையாமல் வட்டக்கழுத்து டீ-சர்ட் தைத்துக் கொடுத்தோம். இப்போது இணையத்தில் விற்கும் சிறு பிராண்டுகளிடமிருந்து 300, 400 பீஸ் ஆர்டர்கள், அதுவும் நான்கு நிறங்களில், வருகின்றன. கூலி நன்றாக இருந்தாலும் தேதி மிக நெருக்கமாக இருக்கிறது. கட்டிங்கிலிருந்து 30 பீஸ் பண்டிலாகக் கட்டி, ஒரு டெய்லர் முடித்ததும் அடுத்தவருக்கு நகர்த்தும் வழக்கமான முறையே எங்களுடையது. சம்பளம் பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி. பண்டில் கட்டாமல் ஒவ்வொரு பீஸாக அடுத்தவர் கைக்கு நகர்த்தும் ஒற்றைப் பீஸ் ஓட்டத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். டெய்லர்களுக்கு அதில் விருப்பமில்லை. இரண்டு முறைகளையும் அருகிலிருந்து பார்த்தவர்கள் ஒப்பிட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – லைன் கணக்கு

முறையின் பெயரை விட்டுவிட்டு, தரையில் எத்தனை பீஸ் கிடக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். வட்டக்கழுத்து டீ-சர்ட்டில் தோள் மூட்டுதல், ரிப் (கழுத்துப் பட்டை) மூட்டுதல், ரிப் ஏற்றுதல், கழுத்து டேப், கை மடிப்பு, கை ஏற்றுதல், சைடு மூட்டுதல், பாட்டம் மடிப்பு என்று எட்டு ஆபரேஷன் வரும். கணக்குக்கு எளிதாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பண்டில் எட்டு கை மாறி வெளியே வருவதற்கே 240 நிமிடம் ஆகும். ஒவ்வொரு டெய்லரிடமும் தைப்பில் ஒன்று, காத்திருப்பில் ஒன்று என இரண்டு பண்டில் இருந்தால், லைனில், அதாவது இந்த எட்டு டெய்லர் வரிசையில், 480 பீஸ் நிற்கும். மணிக்கு 60 பீஸ் வெளியேறும் லைனுக்கு அது எட்டு மணி நேர உற்பத்தி. உங்கள் 400 பீஸ் ஆர்டர் முழுவதும் அரைகுறையாக லைனுக்குள்ளேயே படுத்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள். கழுத்தில் ரிப் சுருங்கி ஏறியிருந்தால், செக்கிங்கில் அது கண்ணில் படும் நேரத்தில் பெரும்பாலான பீஸ்களுக்கு ரிப் ஏறி முடிந்திருக்கும்.

அதே எட்டுப் பேரையும் அதே இடத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பண்டிலை மட்டும் ஐந்து பீஸாகக் குறைத்தால் முதல் பண்டில் 40 நிமிடத்தில் வெளியே வரும். லைனில் நிற்பது 80 பீஸ்தான். ஒரு நாளைக்குத் தைக்கும் மொத்த எண்ணிக்கை இதனால் கூடாது, ஏனெனில் அதைத் தீர்மானிப்பது மிக மெதுவான ஆபரேஷன். கூடுவது ஆர்டர் முடியும் வேகம். ஆகவே ஒற்றைப் பீஸுக்குத் தாவுவதற்கு முன் பண்டிலைச் சிறிதாக்குங்கள். பலனின் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

பதில் 2 – பழைய சூப்பர்வைசர்

கணக்கு சரி. ஆனால் பண்டில் முறை ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை காலையில் சைடு மூட்டும் டெய்லர் வரவில்லை என்றால், ஒற்றைப் பீஸ் லைன் அந்த நிமிடமே நின்றுவிடும். பண்டில் லைனிலோ அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் கையிருப்பை வைத்து ஒரு மணி நேரமாவது ஓட்டுவார்கள். அதற்குள் ஆளை மாற்றிவிடலாம். ஊசி முறிந்தாலும் நூல் அறுந்தாலும் இதே கதைதான். இன்னொன்று ஷேடு. இரண்டு ரோல் துணி ஒரே சாயத்தில் முங்கியிருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நிறம் சற்று மாறும். பண்டில் என்பது ஒரே ரோலின் முன்பக்கம், பின்பக்கம், கைகளைப் பிரியாமல் வைத்திருக்கும் வேலி. அதை அவிழ்த்துவிட்டு ஒவ்வொரு பீஸாக ஓட்டுவதானால், ஒவ்வொரு பாகத்திலும் நம்பர் ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அதை ஒட்டுவதற்கென்று கைமடி ஆள் (உதவியாளர்) ஒருவரும் வேண்டும்.

பத்தாயிரம் பீஸ் ஆர்டரை நான் இன்றைக்கும் 30 பீஸ் பண்டிலில்தான் போடுவேன்.

பதில் 3 – பேட்டர்ன் மேசை

இது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே அல்ல என்று நினைக்கிறேன். ஒரே டெய்லர் முழு ஆடையையும் தைக்கும் முறை சாம்பிள் மேசையில் இன்றும் இருக்கிறது. ஐம்பது பீஸுக்குக் கீழே அதை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் எல்லா இயந்திரமும் தெரிந்த டெய்லர் கிடைப்பது அரிது. பெரிய தொழிற்சாலைகளில் பீஸ்களைத் தொங்கவிட்டு டெய்லருக்கு டெய்லர் கொண்டுபோகும், தலைக்கு மேலே ஓடும் ஹேங்கர் தண்டவாளம் நமக்குக் கட்டுப்படியாகாது.

கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் ஒரு முறை. 1970களின் பிற்பகுதியில் டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த ஐசின் செய்கி நிறுவனம் தையலுக்காக அதை உருவாக்கியது. இயந்திரங்களை லாட வடிவில் நெருக்கி வைத்து, ஆட்களைவிட இயந்திரங்களை அதிகமாக்கி, எல்லோரும் நின்றபடி வேலை செய்வார்கள். ஒருவர் தன் பீஸை இயந்திரம் இயந்திரமாகத் தைத்துக்கொண்டே நகர்வார். அடுத்தவர் கை காலியானதும் வந்து அதை வாங்கிக்கொள்வார். கொடுத்தவர் திரும்பிப் போய்த் தனக்கு முந்தியவரிடமிருந்து இன்னொன்றை வாங்குவார். யாருக்கு எத்தனை ஆபரேஷன் என்பது தானாகவே வேகத்துக்கு ஏற்ப அமைந்துவிடும்.

உங்கள் இயந்திரங்களை எண்ணிப் பாருங்கள். மேலே சொன்ன எட்டு ஆபரேஷனுக்கு நான்கு ஓவர்லாக், இரண்டு பேட்லாக், இரண்டு சிங்கர் போதும். மீதி இரண்டு ஓவர்லாக், இரண்டு பேட்லாக், இரண்டு சிங்கர்; மூன்று பேர் நின்று ஓட்டும் ஒரு சிறு குழுவுக்கு அளவெடுத்தது போல் இருக்கிறது. எட்டு மெஷின் லைனில் பெரிய ஆர்டர் பண்டிலாகவே ஓடட்டும்; ஆறு மெஷின் குழுவில் சிறு ஆர்டர் ஓடட்டும்.

பதினான்கு மெஷின்

மூவருக்கும் நன்றி. ஆறு மெஷினைத் தனியே பிரிக்கும் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகங்கள் மீதம் உள்ளன. நிறம் மாறும்போது நூல் மாற்றுவதிலேயே நேரம் போய்விடுகிறது. பீஸ் ரேட்டில் நன்றாகச் சம்பாதிக்கும் டெய்லர், மற்றவர் வேகத்துக்குக் கட்டுப்பட்டு நிற்க ஏன் சம்மதிக்க வேண்டும்?

பதில் 1 – லைன் கணக்கு

ஓவர்லாக்குக்கு நான்கு நூல் கோன், பேட்லாக்குக்கு மூன்று முதல் ஐந்து வரை. பழைய நூலின் நுனியில் புதியதை முடிச்சிட்டு இழுப்பதுதான் வேகமான வழி. ஊசிக் காதருகே மட்டும் முடிச்சை வெட்டிக் கோத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், அடுத்த நிறத்தின் கோன்களை முந்தைய நிறம் ஓடும்போதே இயந்திரத்தின் அருகில் எடுத்து வைப்பது. மெஷின் நின்ற பிறகு ஸ்டோருக்கு ஆள் அனுப்பும் வழக்கத்தில்தான் பாதி நேரம் கரைகிறது.

பதில் 2 – பழைய சூப்பர்வைசர்

சம்பளத்துக்கு என் பதில்: அந்த மூவருக்கும் தனித்தனி பீஸ் ரேட் வேண்டாம். ஷிப்ட் சம்பளத்தை அவர்கள் இதுவரை எடுத்த சராசரிக்குக் குறையாமல் நிர்ணயித்து, செக்கிங்கில் தேறிய பீஸுக்கு மேல்தொகையை மூவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுங்கள். மிக வேகமான டெய்லரை அந்தக் குழுவில் போடாதீர்கள். அவருக்குப் பண்டில் லைன்தான் வருமானம். இரண்டு வகை இயந்திரம் தெரிந்த நடுத்தர வேகக்காரர்களை எடுங்கள். முதல் சில வாரங்கள் நின்று வேலை செய்வதில் கால் வலிக்கும் என்று முறையிடுவார்கள். தரையில் ரப்பர் பாய் போடுவதையும் ஷிப்டின் நடுவில் கூடுதல் இடைவேளை விடுவதையும் செலவுக் கணக்கில் முன்பே சேர்த்துவிடுங்கள்.