அவசரம்: அரே பிரிண்ட் பண்ணா ஏதோ நம்பர் வருது

ஆம்பூர் கட்டிங்: சார் யாராச்சும் பாருங்க, ஷூ சைஸ் ஸ்டாக் ஃபைல படிச்சு ஒவ்வொரு லைனையும் ஒரு அரேல (லிஸ்ட் மாதிரி) போட்டு அத இன்னொரு பெரிய அரேல புஷ் பண்றேன், பிரிண்ட் அடிச்சா சைஸ் வராம அரேன்னு போட்டு பிராக்கெட்ல கன்னாபின்னானு ஏதோ நம்பர் வருது, 42 லைனுக்கும் அப்படித்தான், சாயங்காலம் லோடு கிளம்புது சீக்கிரம்

காட்பாடி பிளாட்ஃபாரம்: எந்த லாங்குவேஜ்னே சொல்லலியே தம்பி

ஆம்பூர் கட்டிங்: பெர்ல். எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதி வச்சிட்டுப் போனது

பாலாத்து மணல்: இன்னாபா, ஃபைல எக்ஸெல்ல சேவ் பண்ணியா? விண்டோஸ்ல லைன் கடைசில ஒரு கேரக்டர் ஒட்டிகினு வரும், நான் இதுல 2 நாள் மண்டைய ஒடச்சிகினு கெடந்தேன்

கோட்டை அகழி: அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ரெஃபரன்ஸ்னா என்னன்னே தெரியாம ஸ்கிரிப்ட்ல கை வைக்கிறாங்க, பெர்ல் 5 வந்த 1994லேர்ந்து இதே கேள்வி. பெர்ல்டாக் பெர்ல்ரெஃப்டுட்னு கமாண்ட் அடிச்சு, வர்ற மேனுவலப் படிங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, அந்த நம்பர் 42 லைன்லயும் ஒரே நம்பரா, வேற வேறயா?

ஆரணி தறி: பாவம் லோடு கிளம்புதுங்கிறாரு. அண்ணா, பெரிய அரேக்குள்ள இருக்கறது அரே இல்ல, அது இருக்கற எடத்தோட அட்ரஸ் சீட்டு, அதான் ரெஃபரன்ஸ். சீட்ட பிரிண்ட் அடிச்சா நம்பர்தான் வரும். லூப்ல $_ க்கு பதிலா "@$_" போடுங்க, மொத சைஸ் மட்டும் வேணும்னா $_->[0]

ஆம்பூர் கட்டிங்: சைஸ் வருது!! ஆனா 42 லைன்லயும் கடைசி ஆர்டிகிளே (ஷூ மாடல்) வருது

பாலாத்து மணல்: நான் சொல்லல? ஃபைல்தான்

கோட்டை அகழி: நம்பர் ஒண்ணான்னு சும்மாவா கேட்டேன். புஷ் லைன ஒட்டுங்க

ஆம்பூர் கட்டிங்: புஷ் @எல்லாம், \@வரி, அந்த அரேய உண்டாக்கற மை @வரி லைன் லூப்புக்கு மேலயே இருக்கு

ஆரணி தறி: அதான். \@வரி ங்கறதுதான் சீட்டு. வீடு ஒண்ணு, சீட்டு 42. ஒவ்வொரு சுத்துலயும் அதே வீட்ல இருக்கறவங்கள காலி பண்ணிட்டு புது ஆள குடி வைக்கிறீங்க, எந்த சீட்ட எடுத்துட்டுப் போனாலும் கடைசியா வந்தவர்தானே கதவ தொறப்பாரு. மை @வரி ய லூப்புக்குள்ள எறக்குங்க, சுத்துக்கு ஒரு புது அரே கெடைக்கும். இல்லாட்டி \@வரி க்கு பதில் [@வரி], அது காப்பி எடுத்து தனியா ஒண்ணு கட்டிக் குடுக்கும்

காட்பாடி பிளாட்ஃபாரம்: இந்தக் காலத்துல பெர்லா? பைத்தானுக்கு மாத்திட்டா இந்தத் தலவலியே இல்ல

கோட்டை அகழி: ஒரே லிஸ்ட்ட கிளியர் பண்ணி கிளியர் பண்ணி அப்பெண்ட் பண்ணுங்க, பைத்தான்லயும் இதே கூத்துதான்

காட்பாடி பிளாட்ஃபாரம்: அங்க டாலர், அட்னு கொட்டிக் கெடக்காதே

கோட்டை அகழி: 2016ல பெர்ல் 5.24 வந்ததுலேர்ந்து @$_ க்கு பதிலா $_->@* னு தைரியமா எழுதலாம், எடதுலேர்ந்து வலதுக்கு நேரா படிக்கலாம்

பாலாத்து மணல்: இன்னாபா அது, கெட்ட வார்த்தய மறச்சி எழுதினாப்புல கீது

ஆம்பூர் கட்டிங்: உள்ள எறக்கினேன், வந்துருச்சு. மொதல்ல வந்ததுல நம்பர் எல்லாம் ஒண்ணுதான், இப்பதான் பாத்தேன். லோடு ஏத்தறாங்க வரேன்

பாலாத்து மணல்: எதுக்கும் அந்த ஃபைலயும் ஒரு தபா பாத்துடு