மாஞ்சோலை ரோட்டில் சிங்கவால் குரங்கு: இந்தப் படத்தைப் போடலாமா?

அம்பை கேமராக்காரன்:
மாஞ்சோலைக்கு மேலே, ரோட்டோரக் கிளையில் கண்மட்டத்தில் உட்கார்ந்திருந்தது. முகத்தைச் சுற்றிய சாம்பல் பிடரி முடி முடியாகத் தெரிகிறது பாருங்கள். இடம் வேண்டுமென்பவர்கள் கேளுங்கள், மேப்பில் குறித்துத் தருகிறேன்.

களக்காட்டுக் கிழவன்:
தம்பி, இடது மூலையைப் பெரிதாக்கிப் பாரும். வாழைப்பழத் தொலி கிடக்கிறது. சிங்கவால் குரங்கு பெரும்பாலும் மரத்தை விட்டு இறங்காத ஜாதி. வெடிப்பலா மரத்து உச்சியில் பூவையும் காயையும் தின்றுகொண்டிருக்கும். கீழே நின்று எடுத்தால் வெள்ளை வானத்தில் ஒரு கறுப்புப் பொட்டலம்தான் விழும். படம் இவ்வளவு அழகாக வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும், யாரோ பழம் போட்டுப் பழக்கியிருக்கிறார்கள் என்று.

அம்பை கேமராக்காரன்:
அண்ணாச்சி, தொலி எனக்கு முன்னால் போன வண்டிக்காரர் போட்டது. நான் வண்டியை விட்டே இறங்கவில்லை. படமே வேண்டாமென்றால் இப்படியொரு குரங்கு இருப்பது யாருக்குத் தெரியும்? கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வராமல் போனதில் இந்தக் குரங்கின் முகத்துக்கும் பங்குண்டு. 1984-ல் அது தேசியப் பூங்காவே ஆகிவிட்டது.

களக்காட்டுக் கிழவன்:
அங்கே காடு மூழ்க இருந்தது, ஊரைக் கூட்டத்தான் வேண்டும். இங்கே களக்காட்டை 1976-லேயே இந்தக் குரங்குக்காகத்தான் சரணாலயம் ஆக்கினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் முதல் அட்டவணை, உச்சப் பாதுகாப்பு. உம்ம படம் புதிதாக என்ன செய்யும்? மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் வண்டி வரிசையை நீட்டும்.

தேயிலைத் தோட்டத்துப் பேரன்:
பழத்தோடு நின்றுவிட்டீர்களே. சிங்கம்பட்டி ஜமீன் மாஞ்சோலைக் காட்டை 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு விட்டபிறகு, சோலையை வெட்டித்தான் எங்கள் ஆட்கள் தேயிலை நட்டார்கள். அதை மறைக்க முடியாது. மரத்துக்கு மரம் கிளை எட்டாத இடத்தில் அது ரோட்டில் இறங்காமல் என்ன செய்யும்? வால்பாறைப் பக்கம் வண்டியில் அடிபட்டுச் செத்தபிறகுதான் ரோட்டுக்கு மேலே குரங்கு கடக்கப் பாலம் கட்டிவிட்டார்கள். கேமரா இருப்பவர்கள் கிளை விட்டுப்போன இடங்களை எடுங்கள், அதைக் காட்டிப் பாலமாவது கேட்கலாம்.

அம்பை கேமராக்காரன்:
குரங்கு இல்லாத கிளையை யார் பார்ப்பார்கள்? எடுக்கிறேன், ஆனால் இந்தப் படத்தை நீக்க மாட்டேன். இடத்தை எடுத்துவிட்டு ‘நெல்லை மாவட்டம்’ என்று மட்டும் போடுகிறேன், சரியா?

களக்காட்டுக் கிழவன்:
நெல்லை என்றாலே மாஞ்சோலை என்று ஊருக்கே தெரியும்வே. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்று போடும்.