புதுப்பிப்பு: எங்கள் ஆமையின் ஓடு இப்போது எப்படி இருக்கிறது

எங்கள் சிவப்புக் காது ஆமையின் ஓடு மென்மையாகி வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறது, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தடவிப் பார்த்தேன், அழுக்கு ஒட்டியதுதான் மிச்சம். அப்புறம் கால்நடை மருத்துவரிடம் போனோம். திட்டு, ஓட்டழுகலின் தொடக்கம். மென்மைக்குக் காரணம் கால்சியமும் வெயிலும் போதாதது என்றார். தொட்டியை ஜன்னலோரம்தானே வைத்திருந்தேன்! வெயிலில் உள்ள புறஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், அந்தக் கதிர் இல்லாமல் உடலில் கால்சியம் சேர உதவும் வைட்டமின் டி3 உருவாகாது என்று அன்றுதான் தெரிந்தது.

இப்போது தினமும் காலையில் மொட்டை மாடியில் அரை மணி நேரம், ஒதுங்க நிழலும் உண்டு. கால்சியத்துக்காகத் தொட்டியில் போட்ட கடல்நுரையை (கணவாயின் உள் ஓடு) ஆசையாகக் கடிக்கிறது. திட்டுக்கு மருத்துவர் சொன்ன அளவில் நீர்த்த போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீரில் விடுகிறோம். ஓட்டின் விளிம்பு கெட்டிப்படத் தொடங்கியிருக்கிறது. திட்டு இன்னும் முழுதாக மறையவில்லை.